மாடிக்கு மாடி சரக்கு: சுருள் கன்வேயர் யாருக்கு ஏற்றது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியைக் குடியிருப்புப் பகுதியாகவே நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். இன்று சாரதா கல்லூரி சாலையிலும் ஐந்து ரோட்டைச் சுற்றியும் ஜவுளி, வீட்டு உபயோகப் பொருள், பல்பொருள் அங்காடி என்று கடைகள் நெருங்கி நிற்கின்றன. மனை விலை ஏறிய பிறகு பக்கவாட்டில் விரிய வழியில்லை. ஆகவே கடை மேல்நோக்கி வளர்கிறது. கீழ்த்தளமும் முதல் மாடியும் விற்பனைக்கு, அதற்கு மேலே குடோன் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் பழகிய முறை வேறு. அங்கே லாரி வாசலில் நிற்கும், மூட்டை தோளேறி நேராக அட்டிக்குப் போகும். மாடிக் குடோனில் அந்த மூட்டைக்கு இடையில் முப்பது நாற்பது படிகள் வந்துவிடுகின்றன.

இந்தப் படிகளைத் தாண்ட என்ன வழி என்று கேட்கும் உறுப்பினர்களிடம் இயந்திர விற்பனையாளர்கள் சுருள் கன்வேயரைக் காட்டுகிறார்கள். ஆன்லைன் விற்பனைக் கிடங்குகளில் அது சுற்றிச் சுற்றிப் பெட்டிகளை ஏற்றும் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆசைக்கும் ஆர்டருக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. அதை இங்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் இயந்திரம். நம் அரிசி ஆலைகளிலும் நாமக்கல் கோழித்தீவன ஆலைகளிலும் உள்ள ஸ்குரூ கன்வேயருடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குழாய்க்குள் திருகு சுழன்று தானியத்தையோ மாவையோ தள்ளுவது. சுருள் கன்வேயரில் திருகு எதுவும் சுழல்வதில்லை. நடுவே ஒரு தூண், அதைச் சுற்றி ஏறும் ஒரு பாதை, பாதையின் மேல் பட்டை பட்டையாகக் கோத்த ஒரே தொடர் செயின். பட்டைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், அடியில் உள்ள செயின் எஃகு. மோட்டார் செயினை இழுக்கிறது. பட்டையின் மேல் உட்கார்ந்த பெட்டி மேலே போகிறது. காலியான பட்டைகள் பாதையின் அடிப்பக்கமாகத் திரும்பி வருகின்றன. வளைவில் செயின் உள்பக்கம் அழுத்தி உராயும் என்பதால் அங்கே சிறு உருளைகளும் பேரிங்குகளும் வைத்திருப்பார்கள். இயந்திரத்தின் ஆயுள் பெரும்பாலும் அந்த உருளைகளில்தான் இருக்கிறது.

ஏன் சுற்ற வேண்டும் என்பதற்கு ஏற்காடு மலைப்பாதையே பாடம். நேராகப் போட்டால் எந்த வண்டியும் ஏறாது என்பதால்தான் அங்கே 20 கொண்டை ஊசி வளைவுகள். தளத்துக்குத் தளம் 13 அடி, அதாவது 4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப் பெட்டி வழுக்காமல் ஏற 20 பாகைச் சாய்வில் நேர் பெல்ட் போட்டால் கிடையாக 11 மீட்டர், சுமார் 36 அடி, தேவை. ஏற்றும் முனையிலும் இறக்கும் முனையிலும் சமதளம் வேறு விட வேண்டும். 30 அடி அகலக் கடையில் இதற்கு எங்கே போவது? அதே உயரத்தைச் சுருளில் 11 பாகைச் சாய்வில் ஏறலாம். பாதை நீளம் சுமார் 21 மீட்டர் ஆகும். ஆனால் அது நாலரைச் சுற்றாக மடிந்து ஏழெட்டு அடிச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு பெட்டி 42 நொடியில் மேலே போய்ச் சேரும். முதல் பெட்டி இறங்கும்வரை அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லிஃப்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. 15 கிலோ பெட்டி நிமிடத்துக்கு 20 வீதம் போகிறது என்றால், நிமிடத்துக்கு 300 கிலோவை 4 மீட்டர் உயர்த்துகிறோம். அந்த உயர்த்தலுக்கு மட்டும் வேண்டிய திறன் 200 வாட்டுக்கும் குறைவு, கால் எச்.பி.யை ஒட்டியது. உராய்வுக்கும், சுமையோடு நின்று மறுபடி கிளம்புவதற்கும் சேர்த்து அதன் பல மடங்கு மோட்டார் வைப்பார்கள். அப்படியும் கடையின் ஏ.சி. செலவோடு பார்த்தால் சிறியது. ஒப்பிட வேண்டிய இன்னொன்று மனித உழைப்பு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது 110 கிலோவை ஏற்றுகிறார். அவர் உழைப்பில் பாதிக்கு மேல் தம் உடம்பை ஏற்றுவதிலேயே போகிறது. கூலி கொடுக்கும் நமக்கும் அதில் லாபமில்லை, படியேறும் அவர் முழங்காலுக்கும் இல்லை.

இவ்வளவு நன்மை இருந்தும் நம் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இயந்திரம் பொருந்தாது என்பதே நம் கருத்து. காரணம் விலை மட்டுமல்ல.

நிமிடத்துக்கு 20 பெட்டி என்றால் மணிக்கு 1200. ஒரு நாளைக்கு 600 பெட்டி இறக்கும் மொத்த வியாபாரி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார். மீதி நேரம் முழுவதும் இயந்திரம் ஏழெட்டு அடிச் சதுரத்தைத் தளத்துக்குத் தளம் அடைத்துக்கொண்டு சும்மா நிற்கும். அதே 600 பெட்டியை ஒரு டன் சரக்கு லிஃப்டில் நடைக்கு 60 வீதம் பத்து நடையில் ஏற்றலாம். ஏற்ற இறக்க நேரத்தையும் சேர்த்து ஒரு மணிக்குச் சற்று மேல் ஆகும். அரை மணி மிச்சத்துக்காகவா இவ்வளவு முதல்?

பெட்டிக்கு என்ன விழுகிறது என்று பார்ப்பது நல்லது. இயந்திர விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து, வட்டி, பராமரிப்பு, மின்சாரம், அடைபடும் இடத்தின் வாடகை எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு கண்டுபிடியுங்கள். அடைபடும் இடத்தின் வாடகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு அந்த ஆண்டுச் செலவு 5,40,000 ரூபாய் என்போம். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 600 பெட்டி என்றால் பெட்டிக்கு 3 ரூபாய். நாளுக்கு 5000 பெட்டி ஓடும் இடத்தில் அதே இயந்திரம் பெட்டிக்கு 36 காசு. இரண்டு கடைக்கும் ஒரே இயந்திரம், ஒரே விலை. ஓட்டம் உள்ளவருக்கு லாபம், இல்லாதவருக்கு அலங்காரம். நாள் முழுக்க இடைவிடாமல் பெட்டி போய்வரும் இடங்கள்தான் இதற்குச் சரி: பல கிளைகளுக்குச் சரக்குப் பிரித்தனுப்பும் மையங்கள், பெரிய மருந்து மொத்த விற்பனை, பேக்கிங் கூடங்கள் போன்றவை.

அடுத்தது சரக்கின் வடிவம். சுருளுக்குப் பிடித்தது தட்டையான, விறைப்பான அடிப்பாகம் கொண்ட அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் கிரேட்டும். நாமக்கல்லிலிருந்து வரும் 210 முட்டைப் பெட்டி இதில் கோவில் தேர் போல அசையாமல் போகும். தொய்ந்த கோணி மூட்டை அப்படியல்ல. அதன் காது பட்டைகளுக்கு இடையே புகும், நார் உதிர்ந்து பேரிங்கில் சுற்றும். இளம்பிள்ளைச் சேலைப் பண்டல்களில் தொங்கும் கயிற்று நுனியும் ஆபத்தே. அவற்றை டிரேயில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும், அந்த டிரே கீழே திரும்பி வரவும் ஏற்பாடு வேண்டும். 30 கிலோ வெல்லச் சிப்பம் எடையில் அடங்கும். ஆனால் சித்திரை வெயிலில் கசிந்து ஒட்டினால் பட்டை பட்டையாகக் கழுவ வேண்டியிருக்கும்.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண மாடல்கள் பாதையின் ஒரு மீட்டருக்கு 30 முதல் 50 கிலோ தாங்கும்படி அமைந்தவை. 25 கிலோ அரிசிப் பை, அடிப்பாகம் படிந்து நிற்குமானால், தகுந்த அகலத்தில் ஏறும். (2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபின் 26 கிலோ மூட்டை பிறந்த கதை உறுப்பினர்களுக்குத் தெரியும். இயந்திரத்துக்கு அந்த ஒரு கிலோவால் கவலையில்லை.) ஜவ்வரிசி மூட்டை வேறு சாதி. 1981-இல் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஏல விலைகளை நாம் கேட்டுப் பழகியதே 90 கிலோ மூட்டைக் கணக்கில்தான். அதைச் சாதாரணச் சுருளில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. மனிதத் தோளுக்கும் அது அதிகமே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் விரைவில் குறைக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் அதிகபட்ச எடை உடன்படிக்கையை இந்தியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. மாடியில் ஜவ்வரிசி அட்டி போட நினைப்பவர் இயந்திரத்தைத் தேடுமுன் சிறு மூட்டையாகக் கட்டி வாங்க வழி பார்ப்பது நல்லது.

இறக்குவதற்கு மட்டும் என்றால் மோட்டாரே வேண்டாம். பூமியின் இழுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மேல்நாட்டுப் பல அடுக்குக் கிடங்குகளிலும் பெரிய கடைகளிலும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இரும்புத் தகட்டால் ஆன சுருள் சறுக்கு இருந்தது. மேலே வைத்தால் மூட்டை சுற்றிக்கொண்டே கீழே வந்துவிடும். நம் பகுதியில் நல்ல தகட்டு வேலைப் பட்டறைகள் உண்டு. மாடிக்கு வாரம் இரண்டு முறை லிஃப்டில் ஏற்றி, தினமும் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி விற்கும் கடைக்கு, ஒரு சரக்கு லிஃப்டும் ஒரு சறுக்கும் சேர்ந்தால் போதும். சறுக்கில் கவனிக்க வேண்டியது சாய்வு. குறைந்தால் பெட்டி நடுவில் நிற்கும், கூடினால் கீழே வந்து மோதி உடையும். மழைக்காலத்தில் ஈர அட்டை தயங்கும், புதுப் பாலித்தீன் பை பறக்கும். கண்ணாடிப் பாட்டிலையும் முட்டையையும் அதில் விடவே கூடாது.

ஹாங்காங்கில் குவாய் சுங் துறைமுகத்தை ஒட்டி, லாரியே சுற்றுப்பாதையில் ஏறி மாடிக் கிடங்கின் வாசலில் போய் நிற்கும் கட்டடம் உண்டு. அங்கே நிலம் அவ்வளவு அருமை. ஐந்து ரோட்டில் 2020 ஜூனில் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தைப் பார்க்கும்போது நமக்கும் அந்த நாள் வரலாம் என்று தோன்றுகிறது. அது நம் பேரன்களின் கணக்கு.

எதை வாங்கினாலும் தளத்தில் துளை போட வேண்டும். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். கட்டி முடித்த கான்கிரீட் தளத்தில் எட்டடிச் சதுரம் வெட்டினால் கம்பிகள் அறுபடும், சில சமயம் பீமும் குறுக்கிடும். கட்டடப் பொறியாளர் வரைபடம் பார்த்துக் கையெழுத்திடாமல் கொத்தனார் சுத்தியல் எடுக்கக் கூடாது. வெளிச் சுவரை ஒட்டிப் போட்டுவிடலாம் என்று பக்கத்துக் காலியிடத்தை அடைப்பதும் சரியல்ல. தீயணைப்பு வண்டிக்கும் ஆட்களுக்கும் வழி அதுதான்.

தீ என்றதும் இன்னொன்று. தளத்துக்குத் தளம் உள்ள துளை, தீப்பிடித்தால் புகைபோக்கியாக வேலை செய்யும். 2017 மே 31-ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக் கட்டடம் ஒன்றில் பிடித்த தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்து, கட்டடத்தையே இடிக்கும்படி ஆயிற்று. துணியும் அட்டையும் அடுக்கிய கட்டடத்தில் புகை எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே சுருள் போகும் ஒவ்வொரு துளைக்கும் தீ வெப்பத்தில் தானாக மூடும் ஷட்டர் கேளுங்கள். ஷட்டர் விழும் இடத்தில் பெட்டி நிற்காதபடி சென்சாரும் வேண்டும். விலைப்பட்டியலில் இது இருக்காது, கேட்டால்தான் வரும்.

சுருளைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பி வலை, ஒவ்வொரு தளத்திலும் நிறுத்தும் பொத்தான், மின்சாரம் போனால் பின்னோக்கி ஓடாதபடி பிரேக் உள்ள மோட்டார், மேல்தளத்தில் பெட்டி எடுக்க ஆளில்லாவிட்டால் தானே நிற்கும் கண் சென்சார் ஆகியவை இல்லாத இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். செயின் நாளடைவில் நீளும். அதை எத்தனை மணி ஓட்டத்துக்கு ஒரு முறை இறுக்க வேண்டும், பட்டை ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா, உதிரி எங்கிருந்து எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். நம் சொந்தச் சரக்கில் பத்து வகையைக் கொண்டுபோய் அவர்கள் பட்டறையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரிடம் நமக்கு வேலையில்லை.

சரக்கு லிஃப்டும் விளையாட்டுப் பொருளல்ல. கப்பியும் வின்ச்சும் வைத்து வெல்டிங் பட்டறையில் செய்த கூண்டில் பெட்டியோடு பையனும் ஏறிப் போவதைச் சில கடைகளில் பார்க்கிறோம். கயிறு அறுந்தால் பிடித்து நிறுத்தும் கருவி அதில் கிடையாது. தமிழ்நாட்டில் 1997-இல் லிஃப்டுகளுக்கெனத் தனிச் சட்டமே வந்தது. மின் ஆய்வுத் துறையின் உரிமம் இல்லாத கூண்டுக்குள் ஒரு உயிர் போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கடைசியாக, நம் சுமைப்பணித் தோழர்கள். இயந்திரம் வந்த மறுநாள் காலையில் அவர்களுக்குத் தெரிவது முறையல்ல, அன்றைக்கே லாரி இறங்காமல் நிற்கும். மாடிக் கூலி தனியாகப் பேசியிருக்கும் இடங்களில் அது குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் லாரியிலிருந்து எடுத்துச் சுருளில் வைக்கவும், மேலே எடுத்து அட்டி போடவும் ஆள் வேண்டும். பழைய ஆட்களுக்கே அந்த வேலை என்றும், பெட்டிக்கு இவ்வளவு என்றும் ஆர்டர் கொடுக்கும் முன்பே மேஸ்திரியை உட்காரவைத்துப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்களை மேல்தளத்தில் எடுத்து வைக்கும் வேலைக்குப் போடலாம். உடல் உழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் பதியாதவர் இருந்தால், அந்தப் பேச்சின்போதே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கக் கடைக் கணக்கரிடம் சொல்லிவிடலாம்.