ஜும்ஆவுக்குப் பிறகு நம் பிள்ளைகள் எங்கே?



கல்வி உதவி கேட்டு வரும் விண்ணப்பத்துடன் பள்ளியின் வருகைச் சான்றையும் இணைக்கச் சொல்கிறோம். இந்த ஆண்டு ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆண் பிள்ளைகள் சிலருடைய வருகை மிகவும் குறைவாக இருந்ததால் வகுப்பாசிரியர்களிடம் விசாரித்தோம். "வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அனுப்புகிறோம். ஆனால் திரும்பி வருவதில்லை" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். தொழப் போனதை எந்த ஆசிரியரும் குறை சொல்லவில்லை.

அரை நாள்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். மேல் வகுப்புக்கும் அதையே வைத்துக்கொண்டால், வாரம் ஐந்து நாள் என்ற கணக்கில் 44 வெள்ளிக்கிழமைகள் வருகின்றன. பதிவேட்டில் காலை வருகை வேறு, மதிய வருகை வேறு. ஒவ்வொரு வெள்ளியும் மதியம் வராவிட்டால் 22 முழு நாட்கள் போய்விடும். 75 சதவீத வருகை வேண்டுமென்றால் ஆண்டு முழுவதற்கும் விடக்கூடியது 55 நாட்கள்தான். அதில் ஐந்தில் இரண்டு பங்கை வெள்ளிக்கிழமை மதியமே எடுத்துக்கொள்கிறது. காய்ச்சல், மாமா வீட்டு நிக்காஹ், மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி நிற்கும் தண்ணீர் எல்லாம் மீதியிலிருந்துதான் போக வேண்டும்.

இந்த 75 சதவீதத்தை வெறும் மிரட்டலாக எண்ண வேண்டாம். 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியபோது, முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கே மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்களில் பலர் பெயரளவில் மட்டும் பதிவேட்டில் இருந்தவர்கள். கொரோனாவுக்குப் பின் தளர்த்தப்பட்டிருந்த 75 சதவீத வருகை விதி அடுத்த கல்வியாண்டிலிருந்து கட்டாயமாகும் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அப்போது அறிவித்தார்.

மார்க்கம் என்ன சொல்கிறது? அல்ஜும்ஆ அத்தியாயத்தின் 9, 10ஆம் வசனங்களை நம் ஆலிம்கள் மிம்பரில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார்கள். அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டுத் தொழுகைக்கு விரையும்படி முதல் வசனம் சொல்கிறது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடலாம் என்கிறது அடுத்த வசனம். அதாவது நமக்கு வெள்ளிக்கிழமை முழுநாள் ஓய்வு நாளாக விதிக்கப்படவில்லை. கடை வைத்திருக்கும் அத்தா தொழுதுவிட்டுக் கடையைத் திறக்கிறார். கம்பெனிக்குப் போகும் அண்ணன் தொழுதுவிட்டு லைனுக்குத் திரும்புகிறார். மகன் மட்டும் பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிறான். இதைப் பிள்ளையின் குற்றம் என்று மட்டும் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அவனை மறுபடி கிளப்பி அனுப்ப வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை என்பதே உண்மை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விசேஷத்துக்குப் போய்விட்டு, "காய்ச்சல் காரணமாக வர இயலவில்லை" என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிறோம். அதில் கையெழுத்துப் போடுவது நாம். கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காலத்தில் ஒரு தாய், ஏதோ தருவதாகச் சொல்லித் தன் சிறு மகனைக் கூப்பிட்டார். என்ன கொடுக்கப் போகிறாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்ததாக அபூதாவூத் நூலில் வருகிறது. குழந்தையைக் கூப்பிடச் சொன்ன ஒரு வார்த்தைக்கே அந்தக் கணக்கு என்றால், கையெழுத்துப் போட்ட கடிதத்தை என்ன சொல்வது? திருமணத்துக்குப் போனால் திருமணம் என்றே எழுதுங்கள்.

எங்கள் பகுதிக்கென்று தனிச் சிரமம் ஒன்று உண்டு. அது ஷிப்ட். இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லத்திலும் ஒரகடத்திலும் இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலை வீடு வரும் அத்தா, பிள்ளை கிளம்பும் நேரத்தில் அசந்து தூங்குகிறார். அம்மா காலை ஷிப்ட் என்றால் கைக்குழந்தையைப் பார்க்க எட்டாம் வகுப்பு மகள் வீட்டில் நிறுத்தப்படுகிறாள். இது அலட்சியமல்ல, வேறு வழியில்லாமல் நடப்பது. இப்படிப்பட்ட வீடுகள் எங்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலோ மக்தப் நடத்தும் சகோதரியிடமோ குழந்தையைக் காலையில் விட ஏற்பாடு செய்ய முயல்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஒன்று நினைவிருக்கட்டும்: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. எட்டாம் வகுப்பில் நின்றவளுக்கு அந்த வாசல் திறக்காது.

"படிச்சு என்ன, நாளைக்கே கம்பெனியில் ஆள் எடுப்பான்" என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். எடுப்பான்தான். 2006இல் நோக்கியாவும் எடுத்தது. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றபோது, வேறு வேலை தேடிப் போனவர்கள் கையில் பள்ளிச் சான்றிதழ்தான் இருந்தது. பாலிடெக்னிக் சேர்க்கைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஐடிஐயில் பல தொழிற்பிரிவுகளுக்கும் அப்படியே.

நடத்தை பற்றிச் சுருக்கமாக. ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் மனித உருவில் வந்து மார்க்கத்தைப் பற்றிக் கேட்டபோது, நபியவர்களின் முழங்காலோடு தம் முழங்காலைச் சேர்த்து அமர்ந்தார்கள் என்ற ஹதீஸை மக்தபில் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த அதபு மக்தப் பாயோடு முடிந்துவிடக் கூடாது. கணக்கு டீச்சரும் உஸ்தாதுதான். அதே சமயம், "நல்லா அடிங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருவதையும் நாம் நிறுத்த வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளியில் ஏதும் பிரச்சினை என்றால் முதலில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அங்கே தீராவிட்டால் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள்.

பைக் விஷயம் தனி. சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் வாலாஜாபாத் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே யூனிஃபார்மோடு மூன்று பேர் ஒரே வண்டியில் போவதைப் பார்க்கிறோம். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்க 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் இடமுண்டு. ஜும்ஆவுக்கு நேரமாச்சு என்று சாவியைக் கொடுப்பதும் இதில் சேரும்.

இனி பள்ளிவாசல்கள் செய்யக்கூடியது. நம் பகுதியில் லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 11.55க்கும் 12.25க்கும் இடையில் தொடங்கிவிடுகிறது. பயானைச் சுருக்கி, குத்பாவைப் பள்ளிக்கூடத்தின் மதிய இடைவேளைக்குப் பொருந்தும்படி வைத்தால், பிள்ளைகள் தொழுதுவிட்டு முதல் மதிய வகுப்புக்கே போய்விடலாம். வேலை நேரத்தால் பிந்தி வருபவர்களுக்கு என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வோம். அடுத்த மாதம் முத்தவல்லிகளைச் சந்திக்கிறோம். அதற்கு முன் உங்கள் பிள்ளையின் பள்ளியில் மதிய இடைவேளை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, பள்ளிவாசல் உண்டியல் அருகே வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். பள்ளியின் பெயரும் வகுப்பும் போதும். பிள்ளையின் பெயர் வேண்டாம்.