சோழமண்டலக் கலைக்கூடம்

கண்ணுக்கு விருந்தளிக்கும் கலைகளுள் தலைசிறந்தவை ஓவியமும் சிற்பமும் ஆகும். வானளாவிய கோபுரத்தையும் ஐம்பொன் திருமேனியையும் கண்டு வியவாதார் இலர். ஆயினும், நம் காலத்துக் கலைஞர் தீட்டிய ஓவியத்தின் முன் நிற்கும்போது, ‘இஃது என்ன?’ என்று வினவிவிட்டு, விடைக்குக் காத்திராமல் அகன்றுவிடுவோரே பலர். முன்னோர் கலையைப் போற்றும் நாம், நம் காலத்துக் கலையை மட்டும் அயலார் பொருளாக எண்ணலாமா? அதுவும் நம் மண்ணில் வேரூன்றியதே என்பதைக் காட்டும் கூடம் ஒன்று உண்டு. அதுவே சோழமண்டலக் கலைக்கூடம். புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, அதனைக் கண்டு வருவோம்.

புதுச்சேரி கலைக்குப் புதிய ஊரன்று. நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தபோது, உரோம நாட்டு மட்கலங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. அவற்றுடன் நம் குயவர் வனைந்த கலங்களும் கிடைத்தன. இன்று அதே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் அமைந்து, இசை, நடனம், ஓவியம், சிற்பம் ஆகிய கலைகளை இளைஞர்க்குக் கற்பித்து வருகின்றது. மேற்கே வில்லியனூரில் சுடுமண் சிற்பக்கலை வாழ்கின்றது. கடற்கரையை அடுத்த தெருக்களில் ஓவியக் காட்சிகள் நடைபெறுகின்றன. இவ்வளவும் இருக்க, வேறோர் ஊருக்குச் செல்வானேன்? தென்னாட்டின் தற்காலக் கலை பிறந்து வளர்ந்த வரலாற்றை ஒரே இடத்தில் ஒருசேரக் காண்பதற்கே செல்கின்றோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்கின்றோம். மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் வெண்ணிறமாய் ஒளிர்கின்றன. பின்னர் மாமல்லபுரம் வருகின்றது. அங்கே கற்பாறைகளைக் காணும்போது ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய இவை இன்றியே கோயில் அமைத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் கல்வெட்டுப் பொறித்துள்ளான். கல்லைக் குடைந்து கோயில் எடுத்தல் அந்நாளில் அவனுக்கே பெருமிதம் தந்த புதுமை. இன்று நாம் பழமை என்று போற்றும் கலை, தான் பிறந்த நாளில் புதுமையாகவே இருந்தது. இவ்வெண்ணத்துடன் மேலும் வடக்கே சென்றால், சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் சிற்றூர் நம்மை வரவேற்கின்றது.

இச்சிற்றூரின் வரலாறு சென்னைக் கலைப்பள்ளியில் தொடங்குகின்றது. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் அப்பள்ளியைத் தோற்றுவித்தார். 1929-ஆம் ஆண்டில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்றார். இந்தியர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை. சென்னைக் கடற்கரையில் நின்று உழைப்பின் பெருமையை உரைக்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்ததே. அவருடைய மாணவருள் ஒருவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957-இல் தம் ஆசானுக்குப் பின் பள்ளியின் தலைவரானார்.

1954-ஆம் ஆண்டில் பணிக்கர் ஐரோப்பா சென்று தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். கண்டோர் பாராட்டினர். எனினும், ‘இவற்றில் இந்தியாவுக்கே உரியது யாது?’ என்னும் வினாவும் எழுந்தது. அவ்வினா அவர் நெஞ்சைத் தைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றதும் அதே ஆண்டில்தான். அயலார் ஆட்சி நீங்கினால் மட்டும் போதுமா? அயலார் கண்கொண்டு காணும் பழக்கமும் நீங்க வேண்டாவா? தம் காலத்தோடு ஒட்டியதாகவும், தம் மண்ணுக்கே உரியதாகவும் ஒரு கலையைப் படைக்கும் வழியைப் பணிக்கரும் அவர்தம் மாணவரும் தேடலாயினர்.

வழியில் ஒரு பெருந்தடை இருந்தது. ஓவியம் வாங்குவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. பயிற்சி முடித்த இளைஞர் வயிற்றுப் பிழைப்பிற்காக வேறு தொழில்களை நாடினர். பல ஆண்டு பயின்ற கலை, பயன்படாமலே மறைந்துவிடும் நிலை. பணிக்கர் இதற்கு ஒரு வழி கண்டார். உருக்கிய மெழுகால் துணியில் உருவங்களை வரைந்து, துணியைச் சாயத்தில் தோய்த்து, பின்னர் மெழுகை நீக்கினால், மெழுகிட்ட இடங்கள் மட்டும் சாயம் ஏறாமல் வடிவாய் நிற்கும். பாத்திக் எனப்படும் இக்கைத்தொழிலிலும் பிற கைவினைகளிலும் கலைஞர்கள் ஈடுபட்டனர். அவற்றை விற்றுச் சேர்த்த பொருளைக் கொண்டு கடலோரத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினர். 1966-ஆம் ஆண்டில் சோழமண்டலம் தோன்றியது. அப்போது அஃது ஒரு மணற்பரப்பு, மின்விளக்கும் இல்லை. குடிசை அமைத்துக் குடிபுகுந்தனர். கைத்தொழில் சோறு அளித்தது. கலைக்குரிய நேரம் கலைக்கே எஞ்சியது.

அச்சிற்றூரில் 2009-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கலைக்கூடத்தினுள் இனிப் புகுவோம். பணிக்கரின் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் ஓவிய வரிசை புகழ் வாய்ந்தது. 1963-ஆம் ஆண்டளவில் தொடங்கிய வரிசை அது. எழுத்துகள் வரிவரியாகச் செல்கின்றன; இடையிடையே எண்களும், சாதகக் கட்டங்களும், சிறுசிறு உருவங்களும் தோன்றுகின்றன. படிக்க முயல்கின்றோம், இயலவில்லை. அவை பொருள் தரும் எழுத்துகள் அல்ல; எழுத்தின் வடிவங்களே. ஒரு மாணவனின் பாட ஏட்டில் எண்களும் குறிகளும் நிறைந்திருந்த அழகே பணிக்கருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது. நாள்தோறும் நாம் பார்க்கும் ஏட்டுப் பக்கத்தில் நாம் காணாததை அவர் கண்டார்.

பி. வி. ஜானகிராம் உலோகத் தகட்டைச் சிற்பமாக்கியவர். கோயில்களில் இறைவன் திருமேனிக்குக் கவசம் சாத்துவதை நாம் அறிவோம். அக்கவசத்தைத் தட்டி உருவாக்கும் தொழிலாளியின் முறையையே அவர் மேற்கொண்டார். செப்புத் தகட்டை வெட்டி, தட்டி, பற்றவைத்து உருவங்களைப் படைத்தார். முறை பழையது, வடிவம் புதியது.

கே. இராமானுஜம் பேனாவும் மையும் கொண்டு ஒரு கனவுலகையே தீட்டினார். மாளிகைகளும் பாம்புகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த அவ்வுலகில், தொப்பி அணிந்த மனிதன் ஒருவன் உலவுகின்றான். அவன் ஓவியரே! பேச்சால் தம்மை எளிதில் வெளிப்படுத்த இயலாத அவருக்குக் கோடுகளே மொழியாயின. 1973-இல் இளமையிலேயே அவர் மறைந்தார். சோழமண்டலம் போன்ற ஓர் இடம் இல்லாதிருப்பின், அவர் வரைந்து குவித்த உலகு நமக்குக் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

இத்தகைய கூடத்தில் எவ்வாறு பார்ப்பது? விரைந்து நடந்து எல்லாவற்றையும் காண முயலுதல் கூடாது. ஒரு சிலவற்றின் முன் நெடுநேரம் நிற்க வேண்டும். ‘இதன் பொருள் என்ன?’ என்பதற்கு முன், ‘இங்கே என்ன இருக்கின்றது?’ என்று நம்மையே வினவுதல் நன்று. கோடு எங்கே தடிக்கின்றது? எங்கே மெலிகின்றது? எப்பொருளால் ஆயது? நம் வீட்டிலோ தெருவிலோ இது போன்ற வடிவைக் கண்டதுண்டா? இவ்வாறு நோக்கினால், வாயிலில் இடும் கோலமும், கோயிற் கவசமும், சாதகக் குறிப்பும் இவ்வோவியங்களுக்கு உறவினர் என்பது விளங்கும். அதன் பின்னும் சில படைப்புகள் நமக்குப் பிடிக்காமற் போகலாம். அதில் தவறில்லை, பாராமலே வெறுப்பதுதான் தவறு.

பிரெஞ்சு நாட்டில் 1982-ஆம் ஆண்டு முதல், மண்டலந்தோறும் தற்காலக் கலைப்படைப்புகளைத் திரட்டும் நிலையங்கள் அரசின் துணையால் நிறுவப்பட்டன. அவை படைப்புகளைப் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் கொண்டு செல்கின்றன. சோழமண்டலத்தில், அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, கலைஞர்கள் தம் கைவினையால் பொருள் ஈட்டித் தமக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர். ஆயினும், கலைஞரின் உழைப்பு மட்டும் கலையை வாழ்விக்காது. பாடுவோர்க்குக் கேட்போர் வேண்டும்; தீட்டுவோர்க்குக் காண்போர் வேண்டும்.

புதுச்சேரியிலும் தமிழகத்திலும் இளங்கலைஞர் பலர் இன்று தீட்டியும் செதுக்கியும் வருகின்றனர். அவர்தம் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்படும்போது சென்று காணுதல் நம் கடமை. பல்லவர் கலையைக் காத்து நம்மிடம் அளித்தவர் முன்னோர். நம் காலத்துக் கலையைக் காத்து வருங்காலத்தார்க்கு அளிக்க வேண்டியவர் நாமே அன்றோ?