பராமரிப்போர் உடல்நலமும் ஒரு சேமிப்பே

சிறுகச் சிறுகச் செலுத்திப் பெருந்தொகை பெறும் தொடர் வைப்புக் கணக்கை நம் வாடிக்கையாளர்கள் நன்கறிவர். உடற்பயிற்சியும் அத்தகையதே. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. தொடர்ந்து 10 நிமிடங்களேனும் செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய வரையறையையும் அப்போது கைவிட்டது. ஆகவே, இரண்டு நிமிட நடையும் வரவே. நாளொன்றுக்கு 22 நிமிடங்கள் சேர்ந்தால் வாரத்தில் 154 நிமிடங்கள் ஆகிவிடும்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு இம்மாற்றம் பெரிதும் பயன்தரும். தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைச் சிற்றூர்களிலும் பணி முடித்து வீடு திரும்பும் தாய்க்கோ தந்தைக்கோ தனியே ஒரு மணி நேரம் கிடைப்பதரிது. ஆனால், தேவை குறைவதில்லை. நான்கு வயதில் 14 கிலோ இருந்த குழந்தை பன்னிரண்டு வயதில் 30 கிலோவைத் தாண்டக்கூடும். நடக்க இயலாத அக்குழந்தையைத் தூக்கும் பெற்றோருக்கோ வயது ஏறிக்கொண்டே போகும். அவர்களது முதுகு பழுதுற்றால் குழந்தையின் குளியலும் பள்ளியும் சிகிச்சையும் ஒருங்கே தடைப்படும்.

நடையைப் பகுதி பகுதியாகச் சேர்க்கலாம். லயத்திலிருந்து சாலைவரை ஏறும் ஏற்றம் ஒரு பகுதி. குழந்தை மூணாறு சிருஷ்டி அமைப்பின் பள்ளியிலோ, ஊராட்சியின் பட்ஸ் பள்ளியிலோ, இயன்முறை சிகிச்சையிலோ இருக்கையில் காத்திருக்கும் நேரம் மற்றொரு பகுதி. பேச முடியும், பாட முடியாது என்னுமளவுக்கு நடையில் விரைவு இருந்தால் போதும்.

வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் தேவை. கொழுந்து பறிப்பது கடின உழைப்பாயினும், ஒரே வகை அசைவையே திரும்பத் திரும்பச் செய்விப்பதால் அது இப்பயிற்சிக்கு ஈடாகாது. சோறு கொதிக்கும் நேரத்திலேயே இவற்றை முடிக்கலாம்:

1. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், 10 முறை.
2. சுவரில் உள்ளங்கைகளைப் பதித்துத் தண்டால், 10 முறை.
3. சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குதல், 15 முறை.
4. இரவில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை உயர்த்தி ஐந்து வினாடி நிறுத்துதல், 10 முறை.

மூச்சை அடக்கலாகாது. நிற்கவல்ல குழந்தையாயின், உடன் சேர்த்துக்கொண்டு தோப்புக்கரணம் இடலாம்; அது இருவருக்கும் விளையாட்டாகும்.

குழந்தையைத் தூக்கும் முறையும் முக்கியம். கால்களைச் சற்று அகற்றி, முதுகை வளைக்காமல் முழங்கால்களை மடித்து, குழந்தையை மார்போடு அணைத்து எழ வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்புக. எடை கூடியபின் இருவராகத் தூக்குவதே நன்று. முதுகுவலி, இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உடையோரும், அண்மையில் மகப்பேறோ அறுவை சிகிச்சையோ கண்டோரும் மருத்துவரைக் கலந்தபின் தொடங்குக.

படுக்கையில் உள்ளோரையும் கடும் அறிவுசார் குறைபாடு உடையோரையும் முழுநேரம் பராமரிப்போருக்குக் கேரள அரசின் ஆசுவாசகிரணம் திட்டம் மாதம் 600 ரூபாய் உதவித்தொகைக்கு வகைசெய்கிறது. பராமரிப்பு என்பதும் உழைப்பே என்பதற்கு இது சான்று. அவ்வுழைப்புக்கு மூலதனம் பெற்றோரின் உடலே. அக்கணக்கில் இன்றே ஐந்து நிமிடங்களைச் செலுத்தித் தொடங்குங்கள்.