530 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரமா?

கேள்வி: அம்மாவைக் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். ராத்திரி முழுக்க ரயிலில் வர அவருக்கு முடியாது. தூத்துக்குடியிலிருந்து சென்னை வான்வழியில் 530 கி.மீ., சிறிய விமானமும் மணிக்கு 500 கி.மீ. வேகம் போகும் என்கிறார்கள். டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கிறது? ஒன்பது மணிக்கு இறங்கினால் பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க முடியுமா, ஐயா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் கணக்கு சரிதான். ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் விமானச் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுப்பதிலிருந்து, சென்னை மீனம்பாக்கத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போவதும், இறங்கியபின் நிற்குமிடம் தேடி வருவதும் அதற்குள் அடக்கம்.

530 கி.மீ. என்பது இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்து அளந்த தூரம். ரயில் மதுரை, திருச்சி என்று சுற்றி ஏறக்குறைய 650 கி.மீ. ஓடுகிறது. விமானத்துக்கு அவ்வளவு சுற்று இல்லை; ஆனாலும் நூல் பிடித்த மாதிரி அதுவும் போவதில்லை. உங்களுக்கு வாய்க்கப்போவது ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானம் என்றால், அதன் 500 கி.மீ. வேகம் உயரத்துக்குப் போய்ச் சமநிலையில் பறக்கும்போது மட்டும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு.

நேரம் அதிகம் போவது சென்னை வானத்தில். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவக் காற்றின்போது மேற்கிலிருந்து வந்து இறங்கலாம். ஆனி, ஆடி மாதத்து மேல்காற்றில் அப்படி முடியாது. தெற்கேயிருந்து வரும் விமானம் கடல் பக்கம் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் இறங்கும். முன்னால் நாலைந்து விமானங்கள் வரிசையில் இருந்தால் வானத்திலேயே சுற்றிக் காத்திருக்கவும் சொல்வார்கள். இதையெல்லாம் நினைத்துத்தான் சில நிமிடங்களைக் கூட்டிப் போடுகிறார்கள். தடை எதுவும் இல்லாத நாளில் சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்குவதும் அதனால்தான்.

வாகைக்குளம் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். பெரிய ஜெட் விமானங்கள் இனி அங்கே இறங்கலாம். இந்தத் தூரத்தில் அதனால் மிச்சமாவது கால் மணி, இருபது நிமிடம்தான்.

பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்காதீர்கள். பன்னிரண்டுக்கு மேல் கேளுங்கள். சக்கர நாற்காலி கேட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள். பெட்டி வர வேண்டும். கிண்டியைத் தாண்ட வேண்டும். கண் பார்வை மங்கிய ஒரு பெரியவரை அவசரப்படுத்தி நடக்க வைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. புறப்படும் இடத்திலும் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். கோவில்பட்டியிலிருந்து கிளம்பும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.

சக்கர நாற்காலி வேண்டுமென்பதை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஏ.டி.ஆர். விமானத்தில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம் இருக்கிறது. அம்மாவுக்குப் பின்வரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள், நடை குறையும்.