உத்தியோகம் நீத்துக் கலை புகுந்தோர்

தொழில் என்ற சொல்லுக்கும் கூத்து என்ற சொல்லுக்கும் இடையே நம்மவர் உள்ளத்தில் ஒரு மதில் எழும்பி நிற்கின்றது. மாதம் பிறந்தால் சம்பளம் வருவது தொழில். மேடையேறுவதும் படம் பிடிப்பதும் பொழுதுபோக்கு. மதிலின் இப்புறமிருந்து அப்புறம் செல்லும் ஒருவனைக் கண்டால் இளைஞர் ‘துணிந்தவன்’ எனப் புகழ்வர். முதியோர் ‘கெட்டான்’ என இரங்குவர். இரு திறத்தாரும், அவன் செல்லும்போது கையில் எதைக் கொண்டு சென்றான் என்று பார்ப்பதில்லை. அதனைப் பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நம் கலாசாலைக்குத் தென்கிழக்கே, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் சென்று வடக்கே திரும்பினால் சிறுசேரி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் சிப்காட் என்னும் அரசாங்க நிறுவனம் தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றை அமைத்திருக்கின்றது. பூங்கா என்பது பெயரளவில்தான். பூக்களைத் தேடி அங்கே செல்லவேண்டா. கண்ணாடி மாளிகைகளும், அவற்றுள் கணிப்பொறியின் முன் அமர்ந்த ஆயிரக்கணக்கான வாலிபருமே அங்கு உளர். நம் கலாசாலையிற் கணிதமும் பௌதிகமும் கணிப்பொறியியலும் பயின்று வெளியேறுவோரிற் பலர்க்கு அச்சாலையே வாழ்க்கைச் சாலை ஆகிவிட்டது. ஓராண்டிற்கு ஒருவரேனும் அவ்வுத்தியோகத்தை விட்டுச் சினிமாவிற்கோ, நாடகத்திற்கோ, வானொலிக்கோ, யூடியூபிற்கோ போய்விட்டார் என்ற செய்தியும் விடுதியில் நம் காதில் விழாமற் போவதில்லை.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. சிறுசேரியில் நான்காண்டாக உத்தியோகம் பார்க்கும் என் அத்தான், அதனை விட்டுப் படம் எடுக்கப் போவதாக இவ்வாண்டு வீட்டில் அறிவித்தார். அத்தை என்னை அழைத்து, “தம்பி, நீ தமிழ் படிக்கிறவன், நீ சொன்னால் அவன் கேட்பான். நாலு வார்த்தை எடுத்துச் சொல்லப்பா” என்றார்கள். நிலையான உத்தியோகத்தின் மேன்மையை எடுத்துரைக்கத் தமிழ் ஹானர்ஸ் மாணவனைத் தேர்ந்ததை நினைந்தால் நகையே வருகின்றது. யான் உபதேசம் செய்திலேன். இவ்வழியில் முன்பு சென்றார் யார் யார் என்று நூல்நிலையத்திற் புகுந்து தேடலானேன்.

முதற்கண் எதிர்ப்பட்டவர் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர். 1883-இல் பிறந்தவர், கோயமுத்தூரைச் சார்ந்த கிறிஸ்தவர். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைபடம் எழுதும் டிராப்ட்ஸ்மன் உத்தியோகம் பார்த்தார். அந்நாளில் இரயில்வே உத்தியோகம் என்பது இந்நாளிற் சிறுசேரி உத்தியோகம் போல்வது; பெண் கொடுப்போர் விரும்பிக் கேட்பது. 1905-இல் டூபான் என்னும் பிரெஞ்சுக்காரர், ஊர் ஊராகச் சலனப்படம் காட்டி வந்தவர், திருச்சிக்கு வந்தவிடத்து நோயுற்றார். தாய்நாடு திரும்ப எண்ணித் தம் படக்கருவியையும் சுருள்களையும் விற்கத் துணிந்தார். வின்சென்ட் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் திரட்டி அவற்றை வாங்கினார். அச்சுருள்களில் ஒன்று இயேசுநாதரின் சரித்திரம். உத்தியோகத்தை விட்டார்; கூடாரம் ஒன்றைச் சுமந்துகொண்டு தென்னாட்டு ஊர்களிலெல்லாம் படம் காட்டினார்; வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும் சென்றார். 1909-இல் சென்னையிலும் அவர் கூடாரம் எழுந்தது. 1914-இற் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். அது நின்ற வீதிக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர் வழங்கலாயிற்று. 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ என்னும் பேசும்படத்தை எடுத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். 1942-இற் காலமானார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அவர் துணிவை வியந்து நின்றுவிடுகின்றனர். யான் அவர் கருவியைப் பற்றிச் சிறிது ஆராய விரும்பினேன். இன்று படம் என்பது விரலால் தொட்ட அளவில் ஓடுவது. அன்றோ, பிடியைக் கையாற் சுழற்றியே சுருளை ஓட்டவேண்டும். ஓர் அடி நீளமுள்ள சுருளிற் பதினாறு படங்கள். வினாடிக்குப் பதினாறு படங்கள் கடந்தால்தான் நடப்பவர் நடப்பவராய்த் தோன்றுவர். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினேழு நிமிஷத்திற்குள் முடிந்துவிடும். வேகமாகச் சுழற்றினால் திரையில் உள்ளோர் துள்ளி ஓடுவர். மெதுவாகச் சுழற்றினாலோ விளக்கின் சூடு ஒரே இடத்திற் பட்டுச் சுருள் பற்றிக்கொள்ளும். அக்காலத்துச் சுருள் நைட்ரேட்டுப் பொருளால் ஆனது. வைக்கோற்போரினும் விரைந்து எரியும். பற்சக்கரத்தின் ஒரு பல் தேய்ந்திருப்பினும் சுருளின் ஓரத்துத் துளைகள் கிழியும். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டவேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் வெளிச்சத்தையும் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கூடாரத்தில் எத்துணை பேர் அமரலாம், திரைக்கும் கருவிக்கும் இடையே எத்துணை அடி விடவேண்டும் என்பனவெல்லாம் அளவறிந்தார்க்கே கைவரும். நாள் முழுதும் வரைபலகையின் முன் அளவும் இயந்திரமும் எழுதிப் பழகிய ஒருவர்க்கு இவையெல்லாம் அந்நியமாய் இருந்திரா என்பது என் துணிபு. அவர் உத்தியோகத்தை விட்டார், தொழிலை விட்டாரல்லர்.

நம் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் மின்சார இரயிலில் இரண்டாம் நிலையம் குரோம்பேட்டை. அங்கே 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் பயின்றவர் எஸ். ரங்கராஜன், எழுத்துலகிற் சுஜாதா என்பது அவர் பெயர். அவரை இங்கு எடுத்துரைப்பது, அவர் உத்தியோகத்தை விடாதவர் என்பதற்காகவே. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அதே காலத்திற் கதைகள் எழுதினார். ‘விக்ரம்’ (1986), ‘ரோஜா’ (1992) முதலிய படங்களிற் பங்கு கொண்டார். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு வாழ்க்கை வாழ்வது எல்லார்க்கும் இயலுவதன்று. ஆயினும், ‘விட்டாலன்றி வாராது’ என்று வாதிப்போர்க்கு அவர் வாழ்க்கை ஒரு மறுப்பாக நிற்கின்றது.

இவ்விருவர்க்கும் நடுவே வைக்கத்தக்கவர் கிரேசி மோகன். கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் இயந்திரவியல் பயின்றவர். 1972-இற் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்காக நாடகம் எழுதத் தொடங்கினார்; சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். 1976-இல் எஸ்.வி. சேகரின் குழுவினர்க்காக அவர் எழுதியதே ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’. பாலவாக்கம் நமக்கு அயலான ஊரன்று. சிறுசேரிக்கு வடக்கே கடலோரத்தில் இருப்பது. அந்நாடகத்தின் தலைச்சொல்லே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-இற் சொந்தக் குழு அமைத்தார். 1983-இல் அவருடைய நாடகம் ஒன்று கே. பாலசந்தரின் ‘பொய்க்கால் குதிரை’ என்னும் படமாயிற்று. இவ்வாறு, மேடையில் அவர் பெயர் நிலைபெற்ற பின்னரே படவுலகம் அவரை அழைத்தது. 2019-இல் அவர் காலமானபோது நம் விடுதியில் இருந்த பழைய மாணவர் சிலர் அவர் வசனங்களை மனப்பாடமாய்ச் சொல்லி அழுததும் சிரித்ததும் ஒருங்கே நிகழ்ந்தனவென்று கேள்வியுற்றேன்.

அவருடைய நகைச்சுவையைச் சிலேடை என்று சொல்லி விடுவார் உளர். அது முழு உண்மையன்று. ஒருவர் சொன்ன சொல் மற்றொருவர் காதில் வேறு பொருளாய் விழும். அவர் அப்பொருளுக்கேற்ப விடை கூற, அவ்விடை மூன்றாமவர்க்கு மேலும் திரிந்து தோன்றும். ஒன்று ஒன்றை உந்த, கதை முழுவதும் அவ்வுந்துதலாலேயே நகரும். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் ஒரே முகமுடைய நால்வரைக் கொண்டு இதனை எத்துணைச் செம்மையாய் நடத்தியிருக்கின்றார் என்பதைக் கண்டோர் அறிவர். ஒரு பல் தவறினும் இயந்திரம் நின்றுவிடும். இயந்திரவியல் அவரை விட்டு நீங்கியதாக யான் கருதவில்லை. இக்கருத்தை எங்கள் பேராசிரியர் ஒருவர் மறுத்தார். ‘அது மரபிலே வந்த விகடம்’ என்பது அவர் கொள்கை. இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும்.

இக்காலத்தாரிற் கார்த்திக் சுப்பராஜ் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியிற் பயின்று, மென்பொருள் உத்தியோகத்தில் இருந்து, குறும்படப் போட்டியாகிய ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியின் வழியே வந்தவர். 2012-இல் ‘பீட்சா’ வெளிவந்தது. பிரதீப் ரங்கநாதன் சிறுசேரிக்குத் தெற்கே உள்ள காலவாக்கத்து எஸ்.எஸ்.என். கல்லூரியிற் பயின்றவர், குறும்படங்கள் எடுத்துப் பழகி 2019-இற் ‘கோமாளி’யை இயக்கினார், தம் குறும்படம் ஒன்றையே விரித்து 2022-இல் ‘லவ் டுடே’ ஆக்கினார். காதலர் இருவர் தத்தம் கைப்பேசியை மாற்றிக்கொள்வதே அதன் கதைக்கரு. கணிப்பொறி உத்தியோகத்தார்க்கு மிக அறிமுகமான ஒரு பொருளைக் கொண்டே அவர் கதை அமைத்தமை நோக்கற்பாலது. வின்சென்டிற்கு இரண்டாயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. இவர்கட்கோ முதற்படி ஏறக் கைக்கருவி ஒன்றும் விடுமுறை நாட்களுமே போதியனவாயின. விடுவதற்கு முன்னே சோதித்துப் பார்க்கும் வசதி முன்னோர்க்கு இல்லாதது, இவர்கட்கு வாய்த்தது.

ஆயினும், சுமை குறையவில்லை. கல்விக்கடன் வாங்கிப் படித்தவர்க்குப் படிப்பு முடிந்து ஓராண்டளவில் தவணை தொடங்கிவிடும். எங்கள் அத்தை வீட்டிற் கடன் ஒன்று அத்தான் பெயரிலும், மற்றொன்று வீட்டின் பேரிலும் உள்ளன. அத்தை “சினிமா கெட்டது” என்று ஒருகாலும் சொன்னதில்லை. ஞாயிறுதோறும் மாலையிற் படம் பார்ப்பவர்களே. அவர்கள் கேட்டது, “தவணையை யார் கட்டுவது?” என்பதுதான். இவ்வினாவிற்குக் கலையின் பெருமையைப் பேசுதல் விடையாகாது. அத்தானிடம் யான் கேட்டதும் அதுவே. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, முதற்கடன் தீர இன்னும் பதினான்கு மாதம் என்றார். அதுவரை சனி ஞாயிறுகளிற் படம் எடுப்பதாகவும், அதன் பின் வீட்டுக்கடனுக்கு ஓராண்டுத் தவணையைச் சேர்த்து வைத்துவிட்டே கடிதம் கொடுப்பதாகவும் ஒரு கணக்கு எழுதிக் காட்டினார். கணக்கு அழகாகவே இருந்தது. மென்பொருள் எழுதும் கையல்லவா!

நிற்க. இத்தகைய வரலாறுகளைப் படிக்குங்கால் நாம் காக்கவேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. அதனைப் பத்துப்பாட்டே எனக்கு உணர்த்திற்று. ஆற்றுப்படை என்பது யாது? வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தனோ பாணனோ பொருநனோ, வழியில் எதிர்ப்பட்ட வறியவனை நோக்கி, ‘இவ்வழியே சென்றால் நீயும் பெறுவாய்’ என்று வழிப்படுத்துவது. மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. அங்கே பேசுகின்றவன் எப்பொழுதும் பெற்றவன். பெறாது மீண்டவன் அவ்வழியில் வந்திருப்பினும் அவன் பாடிய ஆற்றுப்படை நமக்கு இல்லை. பரிசில் நீட்டித்தபோது புலவர் வருந்திக் கேட்ட ‘பரிசில் கடாநிலை’யைப் புறநானூற்றிலேதான் தேடவேண்டும். இன்று மேடையேறி, ‘யான் உத்தியோகத்தை விட்டேன், நீரும் விடுக’ என்போர் அனைவரும் ஆற்றுப்படை பாடுவோரே. அவர்கள் கூற்றுப் பொய்யன்று. ஆனால் மறுவழியில் மீண்டவரையும் ஒருவரேனும் அறிந்துகொண்டாலன்றி வழியின் நீளம் நமக்குத் தெரியாது.

அத்தகையார் ஒருவர் ஆர். நடராஜ முதலியார். 1885-இற் பிறந்த இவர் சென்னையில் மோட்டார் வண்டி உதிரிச் சாமான்கள் விற்கும் வியாபாரம் நடத்தியவர், இயந்திரம் அறிந்தவர், பொருளும் உடையவர். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் கருவியைக் கையாளக் கற்றார். இந்தியா பிலிம் கம்பெனி என்ற பெயரில் ஒரு ஸ்தாபனம் அமைத்து, 1917-18-இற் ‘கீசக வதம்’ என்னும் மௌனப்படத்தை எடுத்தார். தென்னாட்டில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் அதுவே. வேறு சில படங்களும் எடுத்தார். 1923-இல் அவருடைய படப்பிடிப்பு நிலையத்தில் தீப்பற்றியது. அவர் மகன் அதில் இறந்தான். முதலியார் அத்தொழிலை அத்துடன் நிறுத்திவிட்டார். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1971-இற் காலமானார். பேசும்படமும் வண்ணப்படமும் வந்து பெருகியதை அவர் வாழ்நாளே கண்டது. கீசக வதத்தின் சுருள் ஒன்றேனும் இன்று கிடைத்திலது.