டீயைத் தள்ளி வை, எலுமிச்சையைப் பிழி!

மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னு புலம்புற. கையில என்னன்னு பார்த்தா, சாப்பிட்ட கையோட டீ! அதை முதல்ல கீழ வை. தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்லுது. இரும்புச்சத்து உடம்புல சேர புதுசா ஒண்ணும் சமைக்க வேணாம், சமைக்கிற விதத்தைக் கொஞ்சம் மாத்து.

1. டீ, காபி எதுவானாலும் சாப்பாட்டுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு மணி நேரம் கிட்ட வரக்கூடாது. கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்தை அது உடம்புல சேர விடாது. "இட்லியோட காபி குடிச்சே பழகிடுச்சுக்கா"ன்னு இழுக்காதே. பத்தரை மணிக்கு ஆபீஸ்ல டீ வருமில்ல, அப்போ குடி.

2. கீரை, சுண்டல், பருப்பு எல்லாத்துக்கும் எலுமிச்சை ஒரு மூடி. அடுப்பை அணைச்ச பிறகு பிழியணும். கொதிக்கும்போது பிழிஞ்சா, இரும்பைச் சேர்க்க உதவுற வைட்டமின் சி போயிடும், கசக்கவும் செய்யும். எலுமிச்சை இல்லையா? ஒரு நெல்லிக்காயைக் கடிச்சுக்கோ.

3. முருங்கைக்கீரை உருவ நேரமில்லைன்னு யாரும் சொல்லாதீங்க. ராத்திரி கொத்தோட துணியில இறுக்கிச் சுத்தி வை. காலையில பிரிச்சு உதறினா இலையெல்லாம் தானா கொட்டும், காம்பு மட்டும் கையில நிக்கும். கழுவி, பருப்பு வேகும்போது கடைசியா ஒரு பிடி போடு. கீரையை நறுக்கின பிறகு கழுவாதே, வெந்த தண்ணியைக் கொட்டாதே. சத்து அதோட போயிடும்.

4. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இரும்புச் சட்டியில வை. புளிப்புல இரும்பு கொஞ்சம் குழம்புல இறங்கும். ஆனா கொதிச்சதும் வேற பாத்திரத்துக்கு மாத்திடு, இல்லைன்னா கறுத்து ஒரு மாதிரி வாடை அடிக்கும்.

5. பயறை ஊற வச்சு முளைகட்டு, கம்பு மாவைப் புளிக்க வச்சுக் கூழ் காய்ச்சு. அப்பதான் இரும்பு சுலபமா உடம்புல சேரும்.

6. சிவப்பா இருக்குன்னு பீட்ரூட்டை நம்பிக்கிட்டு இருக்காதே. 100 கிராம்ல 1 மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. அசைவம்னா ஆட்டு ஈரல், சுவரொட்டி வாங்கு. கர்ப்பமா இருந்தா மட்டும் ஈரலுக்கு டாக்டரைக் கேட்டுக்கோ.

7. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ போயிடுச்சா? அப்போ சமையலை மட்டும் நம்பாதே, டாக்டரைப் பாரு. இரும்பு மாத்திரை கொடுத்தா பாலோடயோ, கால்சியம் மாத்திரையோடயோ போடாதே. மலம் கறுப்பாப் போகுதுன்னு பயந்து பாதியில நிறுத்தாதே, அது மாத்திரையால வர்றதுதான். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுதுன்னா, வெட்கப்படாம அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடு.