இந்துக் கல்லூரி நிலைபெற்ற வரலாறு

கலாசாலையொன்றைத் தொடங்குதல் எளிது. நிலைபெறச் செய்தலே அரிது. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் எழுந்த இரண்டு ஆங்கில வித்தியாசாலைகளைக் கொண்டு இதனை விளக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலங் கற்க விரும்பிய சைவப் பிள்ளைகள் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்தது. அங்கே கிறிஸ்தவ வேதபாடமும் உடன் கற்பிக்கப்பட்டது. தாமே மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயுமிருந்த ஆறுமுக நாவலரவர்கள் இந்நிலையை நன்கறிந்தவர்கள். 1848-ல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர்கள், 1872-ல் சைவாங்கில வித்தியாசாலையையும் ஸ்தாபித்தார்கள். நோக்கம் உயர்ந்ததே; ஆயினும் பொருள் முட்டினால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. நாவலரவர்கள் 1879-ல் சிவபதமடைந்தார்கள்.

1888-ல் சைவபரிபாலன சபை தோன்றியது. நகரில் முன்னரே நடந்துவந்த சிறு ஆங்கில பாடசாலையொன்றைச் சபையார் ஏற்று, 1890-ல் வண்ணார்பண்ணையில் இந்து உயர்தரப் பாடசாலையாக நடத்தினர். அதுவே பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று, இன்றும் நிலவுகின்றது.

இரண்டிற்கும் வேற்றுமை யாது? முன்னது பெரிதும் ஒரு பெரியாரின் முயற்சியையே பற்றி நின்றது. பின்னதைப் பலர் கூடிய சபை தாங்கிற்று. தனியொருவர் தளர்ந்தால் அவர் தொடங்கிய கருமமுந் தளரும். சபையிலோ ஒருவர் நீங்க மற்றொருவர் வந்து தாங்குவர். அன்றியும், நாவலரவர்கள் விதைத்த எண்ணம் அழியாதிருந்தமையாலன்றோ சபையார் முயற்சி பலித்தது! ஆதலால், கல்விச்சாலை தொடங்கக் கருதும் அன்பர்கள் கட்டடத்திற்குக் கல் தேடுமுன் அதனைத் தாங்குங் கூட்டத்தைத் தேடுவார்களாக.